தண்ணீர் எத்தனை விரல் ஆழம்?

ஐப்பசிப் பிற்பாதியில் திருநெல்வேலி நயினார்குளத்துக் கரையைச் சுற்றிவிட்டு டீக்கடைக்கு வந்து சேரும் எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "குளம் இம்புட்டு நெறஞ்சு கெடக்கு, பறவைய மட்டும் காணோமே அண்ணாச்சி?"

கேட்பவர் பெரும்பாலும் முதல்முறை வந்தவர். கூந்தன்குளத்து மரங்களில் நாரைகள் அடைந்து கிடக்கும் படத்தை எங்கோ பார்த்திருப்பார். அந்த எதிர்பார்ப்போடு விடியலில் எழுந்து வந்தவருக்குக் கிடைத்தது நடுத்தண்ணீரில் கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள், பட்டுப்போன கிளையில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் ஒன்று, ஓரத்தில் நாலு கொக்கு. ஏமாற்றம் நியாயமானதே. பதில் கொஞ்சம் நீளம். ஆனால் காய்கறிச் சந்தை லாரிகள் ஒதுங்கும்வரை யாரும் வண்டியை எடுக்க முடியாது, டீயும் இப்போதுதான் ஆற்றுகிறார்கள். ஆகவே பேசலாம்.

பறவை குறைவாகத் தெரிவதற்குக் காரணமே குளம் நிறைந்திருப்பதுதான்.

இந்தப் பக்கத்துக் குளங்கள் எப்படி உண்டானவை என்று பார்த்தால் இது விளங்கும். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய் பிரிகிறது, பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் நெல்லை கால்வாய். கால்வாய்கள் வழிநெடுகக் குளங்களை நிரப்பிக்கொண்டு போகின்றன. நயினார்குளத்துக்குத் தண்ணீர் நெல்லை கால்வாயில் வருகிறது. இந்தக் குளங்களைக் கிணறுபோல யாரும் தோண்டவில்லை. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் ஒரு கரையைப் போட்டார்கள், தண்ணீர் அதில் சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் சற்றே தூக்கி வைத்த தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றியது போலத்தான். மடை இருக்கும் கரையோரம் ஆள் ஆழம். எதிர்ப்பக்கம் போகப்போக இடுப்பு, முழங்கால், கணுக்கால், கடைசியில் வெறும் ஈரச்சேறு. கரைக்கு உள்ளே இருக்கும் இந்த நிலப்பரப்பு முழுவதையும் உள்வாய் என்பார்கள்.

பறவைகளுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்த எதிர்ப்பக்கம்தான். அங்கே ஒவ்வொரு பறவைக்கும் ஒரு ஆழம் உண்டு. கொசு உள்ளானுக்குத் தண்ணீரே வேண்டாம், ஈரம் மினுங்கும் சேறு போதும். பொரி உள்ளான் இரண்டு மூன்று விரல் தண்ணீரில் ஓடும். சிவந்த குச்சிக் கால்களோடு நிற்கும் நெடுங்கால் உள்ளான் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்வரை தாங்கும். அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் ஏறக்குறைய அதே ஆழத்தில் மேய்கின்றன, ஆனால் ஒன்று சேற்றுக்குள் குத்தித் துழாவுகிறது, மற்றது தண்ணீரை இடவலமாக அரித்துக்கொண்டு போகிறது. சாம்பல் நாரை முழங்கால் ஆழத்தில் நின்றுவிடும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் நீந்துகிற பறவைகள்தானே, அவற்றுக்கு ஆழம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவை முங்குவதில்லை. தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற தூரத்தில் கிடைக்கும் விதையையும் பூச்சியையும் தின்பவை. ஊசிவாலுக்குக் கழுத்து நீளம் என்பதால் நீலச்சிறகியைவிடக் கொஞ்சம் ஆழத்தில் மேயும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு முழம் தாண்டிவிட்டால் இரண்டுக்கும் அந்தத் தண்ணீர் தூங்குவதற்கு மட்டுமே உதவும்.

இப்போது ஐப்பசிக் குளத்தை நினைத்துப் பாருங்கள். அணைத் தண்ணீரும் வாடைக்காற்று மழையும் சேர்ந்து மறுகால் மட்டம்வரை, அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் மட்டம்வரை, நிரப்பிவிட்டன. சேறு கிடந்த இடத்தில் முழங்கால் தண்ணீர், முழங்கால் இருந்த இடத்தில் கழுத்தளவு. உள்ளானுக்கு நிற்க இடமில்லை. அதனால் இந்த மாதத்தில் குளம் முங்குகிறவர்களுடையது: முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா. அமலைச்செடி மண்டிய ஓரங்களில் நீலத்தாழைக்கோழியும் தாழைக்கோழியும். காலையில் நாம் கண்டது இந்தப் பட்டியலைத்தான், சரியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாம்புத்தாராவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தண்ணீருக்குமேல் கழுத்து மாத்திரம் தெரிய நீந்தியதே, அதன் கழுத்தெலும்புகளில் எட்டாவதில் ஒரு வளைவு இருக்கிறது. கழுத்து எப்போதும் அங்கே மடங்கியபடியே நிற்கும். மீன் அருகே வந்ததும் அந்த மடிப்பு விசையோடு விரிந்து, கூர்மூக்கு ஈட்டியாகப் பாய்ந்து மீனைக் குத்துகிறது. நீர்க்காகம் கவ்வும், இது குத்தும்.

சரி, மற்ற பறவைகள் எங்கே போயின? ரொம்ப தூரம் போகவில்லை. கொண்டாநகரம் பக்கமோ சேரன்மகாதேவி சாலையிலோ வண்டியில் போனால் தெரியும். கார் அறுவடை முடிந்து பிசானத்துக்குத் தொழி அடித்துக்கொண்டிருக்கும் நேரம் இது. டிராக்டர் சக்கரத்துக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மடையானும் நடக்கின்றன, அரிவாள் மூக்கன் வரப்பை ஒட்டித் துழாவுகிறது, நாற்று நட்ட வயலில் பொரி உள்ளான் குனிந்து குனிந்து ஓடுகிறது. பாபநாசத்திலிருந்து ஏரல்வரை இரு கரையிலும் வயல்கள் இரண்டு மூன்று விரல் தண்ணீரோடு நிற்கின்றன. குளம் தாழ்ந்த தண்ணீரை இழந்த அதே வாரங்களில் வயல் அதைக் கொடுக்கிறது. பிசானப் பயிர் வளர்ந்து மூடிக்கொள்ளும்போது, தை மாசியில், மடை வழியாக வெளியேறிய தண்ணீரால் குளம் வற்றத் தொடங்கிச் சேறு திரும்பவும் தலைகாட்டும். பறவைகளும் குளத்துக்குத் திரும்பும். இந்தப் பள்ளத்தாக்கில் நெல்லும் நீர்ப்பறவையும் ஒரே நாட்காட்டியில் ஓடுகின்றன என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு டீ சொல்லிவிடுங்கள். அடுத்த தொல்லை இருக்கிறது: ஐப்பசியில் நிறத்தை நம்பக் கூடாது.

கையில் படப் புத்தகம் வைத்திருந்த கல்லூரித் தம்பி காலையில் திணறியது இதனால்தான். புத்தகங்களில் இருப்பது பெரும்பாலும் இனப்பெருக்கக் கால ஆடை. வடக்கேயிருந்து வருகிறவை அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகின்றன. ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணின்மேல் வெள்ளைக் கீற்று பளிச்சென்று இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஐப்பசியில் வந்து இறங்கும்போது அது பெண்ணைப் போலவே மங்கிய பழுப்பாக இருக்கும். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் சிறகிறகுகளை ஒட்டுமொத்தமாக உதிர்க்கின்றன, சில வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் பளிச்சென்ற நிறம் உயிருக்கு ஆபத்து. அதனால் மங்கிய இறகைப் போட்டுக்கொள்கின்றன. நீலச்சிறகி அந்த மங்கிய கோலத்தை மற்ற வாத்துகளைவிட வெகுநாள், குளிர்காலத்தின் கடைசிவரை வைத்திருக்கும். மீசை ஆலாவுக்குக் கோடையில் இருக்கும் கறுத்த வயிறு இப்போது வெள்ளை. உண்ணிக்கொக்கின் ஆரஞ்சுத் தலை போய்விட்டது. நீண்ட வாலே அடையாளமாகிய இலைக்கோழிக்கு இந்த மாதத்தில் அந்த வாலே கிடையாது.

அப்புறம் எதை வைத்து அடையாளம் காண்பது? நிற்கிற இடத்தை வைத்து. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: பெயரைத் தேடுவதற்குமுன், பறவை எத்தனை விரல் தண்ணீரில் நிற்கிறது, அங்கே என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். இலைமேல் நடந்தால் வால் இல்லாவிட்டாலும் அது இலைக்கோழிதான், அத்தனை நீள விரல் வேறு எதற்கும் இல்லை. கால் மூழ்காத ஈரச்சேற்றில் ஓடி ஓடி நின்றால் உள்ளான்களில் சிறியது. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்து மேற்பரப்பிலிருந்து பொறுக்கினால் மீசை ஆலா. நிறம் மாதத்துக்கு மாதம் மாறும், காலும் மூக்கும் மாறுவதில்லை.

மூக்கு என்றதும் சங்குவளை நாரை நினைவுக்கு வருகிறது. மஞ்சள் மூக்கு நாரை என்றால் பலருக்குத் தெரியும். கரையோரம் ஒன்று பாதி திறந்த மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு நடந்தது. "கண்ணு தெரியாத பறவையா சார்?" என்று ஒரு அக்கா கேட்டார். அருமையான கேள்வி. கண் நன்றாகத் தெரியும், ஆனால் அது மீனைப் பார்த்துப் பிடிப்பதில்லை. கலங்கல் தண்ணீரில் பார்வைக்கு வேலை இல்லை. ஒரு காலால் சேற்றைக் கிளறும், சில சமயம் ஒரு பக்கச் சிறகைப் படக்கென்று விரிக்கும், மிரண்டு ஓடுகிற மீன் மூக்கில் பட்ட கணத்தில் மூக்கு மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்க உறவினரான மர நாரையின் கண்ணை மறைத்து 1960களில் சோதித்துப் பார்த்தார்கள். மீன் பட்டதிலிருந்து மூக்கு மூட ஆனது 25 மில்லிவிநாடி. நாம் ஒருமுறை இமை கொட்டுவதற்குள் அது பலமுறை மூடிவிடலாம். இப்படித் தொட்டுப் பிடிக்கிற பறவைக்கு ஒரு நிபந்தனை உண்டு: மீன் நெருக்கமாக இருக்க வேண்டும். நிறைகுளத்தில் மீன் பரந்து கிடக்கும். வற்றுகிற குளத்தில்தான் ஒரே இடத்தில் குவியும். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கூந்தன்குளத்துக்கு வரும்போது தேவைப்படும்.

நத்தை குத்தி நாரையின் மூக்கில் நடுவே இடைவெளி இருப்பதை எல்லோரும் கவனித்தீர்கள். பாக்குவெட்டி மாதிரி நத்தையை அதில் வைத்து நொறுக்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். அப்படி இல்லை. நத்தையைத் தண்ணீருக்கடியில் மேல்மூக்கால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்மூக்கின் கூர்நுனியை ஓட்டின் வாய்க்குள் நுழைத்து, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே வெளியே விழும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது.

இனி, எல்லா நாரையையும் "சைபீரியாவிலிருந்து வருது" என்று சொல்கிற வழக்கம். செய்தித்தாளும் சொல்கிறது, ஊர்ப் பெரியவர்களும் சொல்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தால் மதிப்பு கூடும் என்ற எண்ணமோ என்னவோ. ஒரு எளிய விதி சொல்கிறேன்: வடக்கேயிருந்து குளிருக்கு ஒதுங்கி இங்கே வருகிறவை இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றின் கூடும் முட்டையும் அங்கேதான். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். தண்ணீரைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும், அவ்வளவுதான். உண்மையாகவே தூரத்திலிருந்து வருகிறவை யாரும் கவனிக்காதவை. வயலில் ஓடிய பொரி உள்ளான் ஐம்பது அறுபது கிராம் எடை. ஸ்காண்டிநேவியா முதல் சைபீரியாவரை பரந்த வடக்குச் சதுப்புகளில் முட்டையிட்டுவிட்டு ஆடி ஆவணியிலேயே இங்கே வந்துவிடுகிறது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த தகைவிலானும், வாலை ஆட்டியபடி கரையில் ஓடிய மஞ்சள் வாலாட்டியும் அந்த வகையே. சாயங்காலம் கூட்டமாகச் சுழன்று அடையும் சூறைக்குருவி மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று வளர்ந்தது. இமயத்தையே தாண்டும் பட்டைத்தலை வாத்து இன்னும் வரவில்லை. அது மார்கழி தையில் கூந்தன்குளத்துப் பக்கம் வரும்.

கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்தில் மூலைக்கரைப்பட்டி தாண்டி இருக்கிறது. 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 129 ஹெக்டேர். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு வந்தது. அரசு அறிவிப்புக்கு வெகு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாதபோது வீட்டுப் புழக்கடை மரத்தில் நாரை கூடு வைக்கும், எச்சம் ஓட்டின்மேல் விழும், நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்கிறார்கள். எச்சம் ஊறிய வண்டல் வயலுக்கு உரமாகிறது என்பதும் கணக்கில் உண்டு. அங்கே நாரைகள் கூடு கட்டுவது மழைக்காலத்தில் அல்ல, அதற்குப் பின்னால், தை தொடங்கிக் கோடைவரை. குளம் வற்ற வற்ற மீன் நெருங்குகிறது, தொட்டுப் பிடிக்கிற மூக்குக்குக் குஞ்சுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. ஐப்பசியில் அங்கே போய் மரத்தில் கூடு தேடினாலும் இதே ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மேற்கே திருப்புடைமருதூரையும் சொல்ல வேண்டும். கடனாநதி தாமிரபரணியோடு சேருமிடத்தில் நாறும்பூநாத சுவாமி கோயில், அதைச் சுற்றிய பெருமரங்களில் கொக்கும் நாரையும் அடைகின்றன. 2005-இல் அந்தச் சிறு இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தபோது, நாட்டிலேயே அந்த வகையில் அதுதான் முதல். மூன்று ஹெக்டேர்கூட இல்லை. சிற்பமும் சுவரோவியமும் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பது என் பழைய ஆதங்கம்.

பறவை எழுத்தைப் பற்றியும் இந்த ஊருக்குப் பெருமைப்பட உரிமை இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அவருடைய அப்பா, நாவலாசிரியர் அ. மாதவையா, தாமிரபரணிக் கரைப் பெருங்குளத்துக்காரர். கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. படப் புத்தகம் வாங்குகிற காசில் அதையும் வாங்கிவிடுங்கள்.

நம் குளங்களைச் சீர்செய்கிறோம் என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு இருக்கும் வழக்கும் இந்த விரலளவு விஷயம்தான். தூர் வாருவது வேண்டியதே, கரம்பை வயலுக்குப் போவதும் நல்லதே, பழைய குடிமராமத்தும் அதைத்தான் செய்தது. ஆனால் இப்போது இயந்திரம் இறங்கினால் மூலைமுடுக்கெல்லாம் ஒரே ஆழம். நாலு பக்கமும் செங்குத்தாகச் சீவிக் கல் பதித்து, மேலே நடைபாதையும் விளக்கும் போட்டுவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கிறது, கொள்ளளவும் கூடுகிறது. நீர்க்காகத்துக்குக் கொண்டாட்டம். உள்ளானும் அரிவாள் மூக்கனும் இலைக்கோழியும் வருடம் முழுவதும் ஐப்பசியிலேயே மாட்டிக்கொள்கின்றன, வற்றினாலும் சேற்றோரம் கிடைப்பதில்லை. மடைப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழப்படுத்துங்கள், தண்ணீர் வந்து சேரும் மேட்டுப்பக்கச் சரிவைத் தொடாதீர்கள். கேட்பது இவ்வளவுதான். வெட்டிய மண்ணில் நடுவே இரண்டு திட்டுப் போட்டு நாட்டுக் கருவேலம் வைத்தால் கூட்டுக்கும் ஆயிற்று. ஏற்கனவே சமூகக்காடு வளர்ப்பில் உள்வாயில் நட்ட கருவேலங்கள் பல குளங்களில் இருக்கின்றன. அவை முற்றியதும் ஏலத்துக்கு வந்துவிடுகின்றன. நாரை கூடு வைக்கிற பருவமாவது கழியட்டும் என்று ஊர்க்காரர் மனுக் கொடுப்பதில் தப்பில்லை.

லாரிகள் ஒதுங்கிவிட்டன. புறப்படுமுன் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேர் கேட்டார்கள். மணிமுத்தாறில் ஏட்ரீ நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், மற்ற இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. சனவரியில் நடக்கும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் பிரிந்து போவார்கள். பறவைப் பெயர் நூறும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தெரிந்தவரோடு போய்க் குறிப்பெழுதலாம். கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, மீதியைப் பத்துப் பத்தாக அளக்க வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து வந்து எல்லாம் எழும்பிவிட்டால் பதற வேண்டாம், சில நிமிடத்தில் திரும்ப இறங்கும். செம்பருந்து வந்தால் வாத்துகள் தலையைக்கூடத் திருப்பாது, எந்தப் பருந்து என்று அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எண்ணிக்கையோடு குளத்தின் தண்ணீர் மட்டத்தையும் தாளில் எழுதுங்கள்: மறுகால் பாய்கிறதா, பாதியா, காலா. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது, கரை உடைந்த குளங்கள் பல. அப்படி ஒரு மழைக்கு அடுத்த சனவரியில் ததும்பி நிற்கும் குளத்தில் உள்ளான் பத்தோ பன்னிரண்டோ தெரிந்தால், உள்ளான் இனமே குறைந்துபோயிற்று என்று அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் எழுதிவிடுவார். பக்கத்தில் "மறுகால் மட்டம்" என்று இரண்டு சொல் இருந்தால், அவை வயலில் இருந்திருக்கும் என்று தெரியும்.